இரவல் அலைகள்

தானே அலையை வீசி, அது எதிலேனும் மோதித் திரும்பும் காலத்தைக் கொண்டு பொருளின் தூரத்தைக் கணிக்கும் ராடாரை நாம் அறிவோம். வேறொருவர் வேறு காரியத்துக்காக அனுப்பும் அலையை இரவலாகக் கொண்டு அதே வேலையைச் செய்யும் ராடாரும் உண்டு. இதை நேற்றுப் பிறந்த யோசனையாகப் பலர் கருதினாலும், பிரிட்டனில் ராடாரின் முதல் பரீட்சையே இம்முறையில்தான் நடந்தது. 1935 பிப்ரவரி 26ஆம் தேதி, டாவென்ட்ரியிலிருந்த பி.பி.சி. சிற்றலை நிலையம் 49 மீட்டர் அலைநீளத்தில் அலைகளைப் பரப்பிக்கொண்டிருக்க, சில மைல்களுக்கு அப்பால் ஒரு வயலில் விஞ்ஞானி வாட்சன் வாட்டும் அவர் குழுவினரும் வண்டியில் ஏற்றிய கருவியுடன் காத்திருந்தார்கள். ஹேஃபோர்டு விமானம் அவ்வழியே பறந்தபோது, கருவித் திரையின் ஒளிக்கோடு நீண்டும் குறுகியும் அதன் வரவை அறிவித்தது. 8 மைல் தூரம் வரை அதைத் தொடர முடிந்தது.

இன்று அந்த ஒலிபரப்பு நிலையத்தின் ஸ்தானத்தில் செல்போன் கோபுரங்கள் நிற்கின்றன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ரோக் மேனர் ஆராய்ச்சி நிலையமும் பி.ஏ.இ. சிஸ்டம்ஸ் நிறுவனமும் 'செல்டார்' என்ற பெயரில் இதே முயற்சியில் இறங்கின. கண்டறியப்படுகிறவர் கையில் செல்போன் இருக்க வேண்டும் என்பதில்லை. கோபுர அலை அவர் மேல் பட்டுச் சிதறினால் போதும். அவ்வலை சுமந்து செல்லும் உரையாடலும் இக்கருவிக்கு அநாவசியம்.

கருவிக்கு இரண்டு ஆண்டெனாக்கள்: ஒன்று கோபுரத்தை நோக்கி மூல அலையை வாங்குகிறது, மற்றது கண்காணிக்கவேண்டிய திசையை நோக்கி, சிதறி வரும் அலைக்காகக் காத்திருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, பின்னது எவ்வளவு தாமதித்து வந்தது என்று அறிந்தால், கோபுரத்தையும் கருவியையும் குவியங்களாகக் கொண்ட ஒரு நீள்வட்டத்தின் மேல் எங்கோ பொருள் இருக்கிறது என்பது தெரியும். வேறு கோபுரங்களின் நீள்வட்டங்களும் வந்து வெட்டும் இடத்தில் அது அகப்படும். சொல்ல எளிது; ஆனால் கோபுரத்திலிருந்து நேரே வரும் அலை, சிதறி வருவதைக் காட்டிலும் லட்சக்கணக்கான மடங்கு வலியது. தவில் முழங்கும் பந்தலில் காதோடு சொல்லும் ரகசியத்தைப் பிரித்தறிவது போன்ற இந்தச் சங்கடத்தைத் தீர்க்க, மூல அலையின் பிரதியைக் கணினியில் கழித்துக் கழித்து எஞ்சுவதைத் தேட வேண்டியிருக்கிறது.

இன்னொரு குறை, ஜி.எஸ்.எம். எனும் 2ஜி செல்போன் அலைவரிசையின் அகலம் வெறும் 200 கிலோஹெர்ட்ஸ் என்பது. சுமார் முக்கால் கிலோமீட்டருக்குள் நெருங்கி நிற்கும் இரு பொருள்களைத் தூரத்தால் பிரித்துக் காட்ட அதனால் இயலாது. இக்குறையை ஈடுசெய்வது வேகத்தைக் காணும் அதன் அபார சூக்ஷ்மம். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி நேரே வரும் காரில் பட்டுத் திரும்பும்போது, கோபுரமும் கருவியும் ஏறக்குறைய ஒரே பக்கம் இருந்தால், விநாடிக்கு 90 கோடி அதிர்வுகளோடு 120 அதிர்வுகள் கூடுகின்றன. ஒரே ஒரு விநாடி பொறுமையாகக் கேட்டால், விநாடிக்கு 17 சென்டிமீட்டர் வித்தியாசப்படும் இரு வேகங்களையும் தனித்தனியே காணலாம். தூரத்தில் மங்கலான கண், வேகத்தில் இவ்வளவு கூர்மை பெறுவதை நான் பேரழகு என்றே சொல்வேன்.

இதற்குத் துணைநின்றது ஜி.எஸ்.எம். கோபுரத்தின் ஒரு குணம்: பேசுவார் எவருமில்லாத நள்ளிரவிலும் அதன் கட்டுப்பாட்டு அலை மாறாத வலிமையோடு வீசிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த 2ஜி சேவையை சிங்கப்பூர் 2017லேயே நிறுத்திவிட்டது. வேறு பல தேசங்களும் அவ்வழியே செல்கின்றன. பின்வந்த 4ஜி, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தால் ஏழரை மீட்டர் நுட்பம் தருகிறது. 5ஜி அதனினும் அகன்றது. எனினும் மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கத்தில், தேவையில்லாதபோது பெரும்பாலும் மௌனமாக இருக்கும்படியே 5ஜி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஜனசஞ்சாரம் ஓய்ந்து, காவலுக்கு அவசியம் மிகும் வேளையில்தான் இக்கருவிக்கு அலை அருகிப்போகிறது. எஞ்சும் சொற்ப அடையாளத் துடிப்புகளைக் கொண்டே காண முடியுமா என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இப்போது முனைந்திருக்கிறார்கள்.