வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும் உதவிகள்

சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வசிக்கிறார்கள். வீடு கிடைத்துவிட்டால் செலவு முடிந்துவிடுவதில்லை. சொந்த வீடாக இருந்தால் கடன் தவணையும் வாடகை வீடாக இருந்தால் வாடகையும் மாதந்தோறும் கட்ட வேண்டும். அவற்றுடன் மின்சார, தண்ணீர்க் கட்டணங்களும் உண்டு. குடும்பத்தில் ஒருவர் வேலை இழந்தாலோ நோய்வாய்ப்பட்டாலோ இச்செலவுகள் பெரும் சுமையாகிவிடும். அத்தகைய குடும்பங்களுக்கு இரண்டு வகையான உதவிகள் உள்ளன. ஒன்று தானாக வந்து சேர்வது. மற்றொன்று கேட்டுப் பெற வேண்டியது.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டு, சேவை, பராமரிப்புக் கட்டணத் தள்ளுபடி. மின்தூக்கிகளைப் பராமரிப்பது, நடைபாதைகளைத் துப்புரவு செய்வது, பொது இடங்களில் விளக்கேற்றுவது ஆகிய பணிகளை நகர மன்றம் செய்கிறது. அதற்காகக் குடியிருப்பாளர்கள் மாதந்தோறும் கட்டணம் செலுத்துகிறார்கள். தகுதிபெறும் குடும்பங்களுக்கு அரசாங்கம் ஆண்டுதோறும் அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்கிறது. வழக்கமாக, ஓரறை, ஈரறை வீடுகளுக்கு மூன்றரை மாதக் கட்டணமும் நான்கறை வீடுகளுக்கு இரண்டரை மாதக் கட்டணமும் தள்ளுபடியாகக் கிடைக்கும். மாதம் 70 வெள்ளி கட்டும் நான்கறை வீட்டுக் குடும்பத்திற்கு இதனால் ஆண்டுக்கு 175 வெள்ளி மிச்சமாகும். இதற்கு விண்ணப்பம் தேவையில்லை.

இரண்டாம் வகை உதவி அவ்வாறன்று. கட்டணம் கட்ட முடியாதவர்கள் நகர மன்றத்தை அணுகினால், நிலுவைத் தொகையைச் சிறு சிறு தவணைகளாகச் செலுத்த ஏற்பாடு செய்துகொள்ளலாம். வீட்டுக் கடன் தவணையைப் பலர் மத்திய சேம நிதிக் கணக்கிலிருந்து செலுத்துகின்றனர். வேலை போனால் அக்கணக்கில் புதிய பணம் சேராது. அப்போது வீவக கிளை அலுவலகத்தை நாடினால், தவணையை ஒத்திவைக்கவோ கடனைச் செலுத்தும் காலத்தை நீட்டிக்கவோ வழி பிறக்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வீவக வாடகை வீடுகளும் உள்ளன. அவற்றின் வாடகை குடும்ப வருமானத்திற்கு ஏற்ப அமைகிறது.

அன்றாடச் செலவுகளுக்கே பணம் போதவில்லை என்றால், வட்டாரத்திலுள்ள சமூக சேவை அலுவலகத்தில் கம்கேர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 2005இல் தொடங்கப்பட்ட இத்திட்டம் வாடகை, மின்சார, தண்ணீர்க் கட்டணங்களுக்கும் கைகொடுக்கிறது. குடும்பத்தின் வருமானம், உறுப்பினர்களின் எண்ணிக்கை, உடல்நலம் ஆகியவற்றை அதிகாரிகள் கேட்டறிவார்கள். ஆகவே, அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, கட்டண ரசீதுகள், மருத்துவச் சான்றிதழ் முதலியவற்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது. முடிவு தெரியச் சில வாரங்கள் ஆகலாம்.

இவ்வளவு வழிகள் இருந்தும் சிலர் உதவி கேட்கத் தயங்குகிறார்கள். ‘பிறர் என்ன நினைப்பார்களோ?’ என்ற கூச்சம் ஒரு காரணம். ‘அடுத்த மாதம் கட்டிவிடலாம்’ என்ற எண்ணம் மற்றொரு காரணம். ஆனால், மாதம் 70 வெள்ளிக் கட்டணம் ஆறு மாதங்களில் 420 வெள்ளி நிலுவையாகிவிடும். தாமதக் கட்டணமும் அதனுடன் சேரும். தொடர்ந்து கட்டாதவர்கள்மீது நகர மன்றம் சட்ட நடவடிக்கை எடுக்கவும் கூடும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்றி, நிலுவைக்கும் பொருந்தும். ஒரு மாத நிலுவை இருக்கும்போதே பேசுபவருக்குத் தவணை சிறியதாக அமையும். தேர்ந்தெடுக்கப் பல வழிகளும் இருக்கும்.

இதில் இளையர்களுக்கும் பங்குண்டு. நிலுவை பற்றிய கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. அவற்றைப் படிக்க இயலாத முதியவர்கள் பிரிக்காமலேயே இழுப்பறையில் வைத்துவிடுவதுண்டு. தாத்தா பாட்டிக்கோ அண்டை வீட்டாருக்கோ அக்கடிதத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லலாம். எந்த அலுவலகத்திற்குச் செல்ல வேண்டும், எப்போது செல்ல வேண்டும் என்று குறித்துக் கொடுக்கலாம். தேவைப்பட்டால் துணைக்கும் செல்லலாம். அவர்களுடைய வருமானத்தையும் நிலுவையையும் பற்றி மற்றவர்களிடம் பேசாமல் இருப்பதும் அந்த உதவியில் அடங்கும்.