பரிசு எப்போது கண்ணில் பட வேண்டும்?

ஐந்து மணி நேரம் சோறு தண்ணீர் இல்லாமல் இருந்தவர்களைத் திரையின் முன் உட்கார வைத்தார்கள். வாயில் ஒரு மெல்லிய குழாய்; அவ்வப்போது அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழும். அவர்கள் செய்ய வேண்டிய வேலை எதுவுமில்லை. ஒரு கண்ணுக்குப் பளிச்சென்ற வடிவங்கள் படபடவென்று மாறிக்கொண்டிருந்தன. மறு கண்ணுக்குச் சாய்ந்த கோடுகள் காட்டப்பட்டன. ஒரு கண்ணில் இத்தனை ஆர்ப்பாட்டம் நடந்தால், மறு கண்ணில் விழுவது நம் உணர்வுக்கு எட்டாது. ஆகவே கோடுகள் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. ஆனால் குறிப்பிட்ட ஒரு சாய்வு வந்தபோது பெரும்பாலும் தண்ணீரும் சொட்டியது. வேறொரு சாய்வுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஏரன் சைட்ஸ், டோங்ஹோ கிம், டகேயோ வதனபே மூவரும் 2009-இல் 'நியூரான்' இதழில் வெளியிட்ட ஆய்வு இது. பயிற்சி முடிந்து சோதித்தபோது, தண்ணீரோடு வந்த சாய்வை மட்டும் அவர்கள் முன்பைவிட நன்றாக இனங்கண்டார்கள். அதுவும் பயிற்சி பெற்ற கண்ணால் பார்த்தபோது மட்டும்! இரு கண்களின் செய்திகளும் மூளையின் பார்வைப் பகுதியில் சற்று உள்ளே போன பிறகுதான் ஒன்றாகக் கலக்கின்றன. கற்றது ஒரு கண்ணோடு நின்றுவிட்டது என்றால், மாற்றம் அந்தக் கலப்புக்கு முன்பே, பார்வையின் வாசலிலேயே நடந்திருக்க வேண்டும். நேற்றுப் பார்த்த முகத்தை நினைவுகூர்வது போன்ற நினைவு அல்ல இது, பார்வையே பழகிப்போவது.

இங்கே மறைக்கப்பட்டது படம்; பரிசு வெளிப்படை. பரிசையே மறைத்தால்? லண்டனில் மத்தியாஸ் பெசிக்லியோன் குழு 2007-இல் இதைச் செய்துபார்த்தது. ஒரு பவுண்டு நாணயத்தின் படமோ ஒரு பென்னியின் படமோ நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் தோன்றி மறையும். எந்த நாணயம் என்று கேட்டால் பங்கேற்றவர்களால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் பவுண்டு வந்தபோது, பணத்துக்காக அழுத்த வேண்டிய கைப்பிடியை இன்னும் இறுக்கமாக அழுத்தினார்கள்.

நினைவுக்கும் இது பொருந்துமா என்று நெதர்லாந்தின் ஸெடேலியஸ், வெலிங், ஆர்ட்ஸ் ஆகியோர் 2011-இல் பார்த்தார்கள். சில சொற்களை மனதில் நிறுத்திச் சொல்ல வேண்டும்; சரியாகச் சொன்னால் பணம். சொற்களுக்கு முன்பே தொகையைக் காட்டியபோது, அது கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பெரிய தொகை உதவியது. சொற்களைப் பார்த்து மனதில் தாங்கிக்கொண்டிருக்கும் வேளையில் காட்டியபோதுதான் கதை மாறியது. தெரியாமல் வந்த பெரிய தொகை அப்போதும் உதவியது. தெரிந்தே வந்த பெரிய தொகையோ நினைவைக் குலைத்தது. பணத்தைப் பற்றிய எண்ணமே இடையில் புகுந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது போலும்.

பரிசு முன்பே தெரிந்தால் என்ன நடக்கிறது என்பதை அலிசன் அட்காக் குழு 2006-இல் காட்டியது. ஒவ்வொரு காட்சிப் படத்துக்கும் முன், அதை நினைவில் வைத்தால் ஐந்து டாலரா பத்து சென்டா என்று சொல்லிவிடுவார்கள். மறுநாள் கேட்டபோது ஐந்து டாலர் படங்களே அதிகம் நினைவில் இருந்தன. படம் வருவதற்கு முன்பே நடுமூளையின் டோபமைன் பகுதியும் நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸும் விழித்துக்கொண்டிருந்தன. வரப்போகும் படத்துக்கு மூளை முன்கூட்டியே இடம் ஒதுக்குகிறது.

இதைப் படித்துவிட்டு, திரையரங்கில் கண்ணுக்குத் தெரியாத விளம்பரம் காட்டி மக்களைப் பாப்கார்ன் வாங்க வைத்த பழைய கதையை யாரும் தூசி தட்ட வேண்டாம். 1957-இல் அதைப் பரப்பிய ஜேம்ஸ் விக்கரியே பிறகு அதில் உண்மை இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆய்வகத்தில் தென்படும் விளைவுகள் சிறியவை. ஒருவர் உண்மையிலேயே பார்க்கவில்லை என்று எப்படி உறுதி செய்வது என்பதில் உளவியலாளர்களுக்குள்ளேயே சண்டை ஓயவில்லை.

நல்ல மதிப்பெண் எடுத்தால் வாங்கித் தருவதாகச் சொன்ன சைக்கிளைத் தேர்வு நாள் காலையில் பிள்ளைக்கு நினைவூட்டும் பெற்றோருக்கு, நெதர்லாந்து ஆய்வு கொஞ்சம் கவலை தரும் என்பது என் கணிப்பு. முந்தைய மாதமே சொல்லி வைப்பது வேறு. அதிலும் முராயாமா, குபாண்ட்னர் இருவரின் 2011 ஆய்வு ஒரு நிபந்தனை போடுகிறது: பொது அறிவு வினாக்களுக்குப் பணம் அறிவித்து ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, சலிப்பூட்டிய வினாக்களின் விடைகளை நினைவில் வைக்க மட்டுமே பணம் உதவியது. சுவாரசியமானவை பணம் இல்லாமலே பதிந்திருந்தன.