ஆட்டத்தின் நடுவே அணையும் கணினி

பதுளை நகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் மாணவர் வீடுகளில் இன்று கணினியைக் காண்கிறோம். சீட்டுப் பிடித்தும் மூத்த பிள்ளையின் சம்பளத்தைச் சேர்த்தும் வாங்கிய பொருள் அது. பாடமும் அதிலேதான்; பாடம் முடிந்தபின் விளையாட்டும் அதிலேதான். அவ்வாறிருக்க, ஆட்டத்தின் நடுவே திரை கறுத்துக் கணினி தானே அணைந்து எழும்புமாயின், வீட்டிலே கலகம் பிறக்கிறது. “விளையாடியே பழுதாக்கிவிட்டான்” என்கிறார் தந்தையார். “வேறொன்று வாங்குவதே நல்லது” என்கிறார் கடைக்காரர். இரண்டும் அவசரத் தீர்ப்புகள் என்பதே நம் கருத்து.

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, முதலில் பார்க்கவேண்டியது விழும் வேளையை. ஒரே விளையாட்டு, ஒரே கட்டத்தில் விழுகிறதென்றால் அதன் கோப்பு சிதைந்திருக்கலாம். ஸ்டீம் வழியாகப் பெற்ற விளையாட்டாயின் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி அதிலேயே உண்டு. எந்த விளையாட்டும், எந்தக் கட்டத்திலும் விழுமாயின் ஐயம் ரேம், சூடு, மின்சாரம் ஆகியவற்றின்மேல் திரும்பவேண்டும்.

விண்டோசின் நிகழ்வுப் பதிவேட்டில் 41 என்ற எண்ணைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். முறைப்படி மூடப்படாமல் கணினி நின்றது என்பதற்கு மேல் அவ்வெண் ஒன்றும் சொல்வதில்லை. அது நோயின் பெயரன்று.

நம் மலைநாட்டில் மின்சாரத்தை மறத்தலாகாது. இங்கு வரவேண்டிய அளவு 230 வோல்ட். மாலையில் லயமெங்கும் விளக்கும் அடுப்பும் ஒருங்கே எரியும்போது அது தாழக்கூடும். விளையாட்டின்போதுதான் கிராபிக்ஸ் கார்ட் மிகுதியான மின்சாரத்தை இழுக்கிறது. காலையில் நன்றாயிருந்து இரவில் மட்டும் விழும் கணினிக்குப் புதிய ரேம் வாங்குவது வீண்செலவு. பவர் சப்ளையையும் வீட்டு மின்னிணைப்பையும் பார்ப்பதே முறை. (2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கே காரணம் என்றார் அமைச்சர். அன்று அணைந்த கணினிகளுக்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை!)

ரேம் இரண்டிருப்பின் ஒன்றைக் கழற்றிவிட்டு ஆடிப்பார்க்கலாம். மெம்டெஸ்ட் என்னும் சோதனையை இரவு முழுதும் ஓடவிடலாம். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. மூன்றை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது எவருக்கும் விளங்காது.

கணினி கூறும் காரணத்தையும் அப்படியே நம்புதல் கூடாது. 2024இல் உலகெங்கும் நடந்ததைப் பாருங்கள். இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சிலவற்றில் விளையாட்டுகள் காரணமின்றி விழுந்தன. “கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை” என்று திரையில் எழுத்து வந்தது. அதை நம்பிப் பலர் கிராபிக்ஸ் கார்டையே ஐயுற்றனர். குற்றமோ செயலியில் இருந்தது! சுருக்கிவைத்த தரவுகளை விரிக்கும் கடினமான வேலையில் செயலி பிழைவிட, பழி வேறோர் உறுப்பின்மேல் விழுந்தது. செயலிக்குள்ளிருக்கும் நுண்கட்டளை அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டதே காரணம் என்று அவ்வாண்டு ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஓகஸ்டில் திருத்தம் வந்தது. பெட்டியில் விற்ற செயலிகளுக்கு உத்தரவாதமும் 2 ஆண்டு நீண்டது. ஏற்கெனவே கெட்ட செயலியைத் திருத்தம் குணப்படுத்தாது; அதை மாற்றியே பெறவேண்டும். ஆதலால் பற்றுச்சீட்டையும் பெட்டியையும் எறிந்துவிட வேண்டாம் என்று பெற்றோரை வேண்டுகிறோம். “விளையாடியதால் கெட்டது” என்று அந்தப் பிள்ளைகளைக் கடிந்த வீடுகள் எத்தனையோ!

அத்திருத்தம் பயோஸ் வழியாக ஏறுவது. ஏறும்போது மின்சாரம் போனால் கணினி எழும்பாமலே போகலாம். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடியும் மின்னலும் நாம் அறிந்தவையே. அவ்வேலையைக் காலையில், வானம் தெளிந்திருக்கையில் செய்துகொள்க.