எறிதலும் ஏற்றலும்

விளையாட்டு என்றவுடனே நம் மாணாக்கர் உள்ளத்தில் எழுவன பந்தும் மட்டையுமே. பந்தின்றியும் ஓர் ஆட்டம் உண்டென்றும், அதற்கு வேண்டுவது ஒரேயொரு வட்டு மாத்திரமே என்றும், நடுவர் ஒருவரும் இன்றியே அஃது ஆடப்பெறும் என்றும் கூறின், கேட்போர் நகைப்பர். யாமும் ஓராண்டிற்கு முன் அங்ஙனமே நகைத்தோம். இன்று அவ்வாட்டத்தின் முதற் பாடங்களாகிய எறிதலையும் ஏற்றலையும் குறித்து எம் உடன்பயில்வார்க்குச் சில கூறப் புகுகின்றோம். தேர்ந்த ஆட்டக்காரர் கூறும் உரையன்று இது. பல நாள் பிழைபட எறிந்து, பின்னர் ஒருவாறு கற்றுக்கொண்டவர் கூறும் உரை. அதனாலேயே புதிதாகக் கற்பார்க்கு இது பயன்படுமென நம்புகின்றோம்.

வட்டு என்னுஞ் சொல் நமக்குப் புதியதன்று. திருவள்ளுவர் கல்லாமை என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலேயே வட்டாடலை உவமையாக எடுத்தாளுகின்றார். ஆண்டு அச்சொல்லுக்கு உண்டை உருட்டல் என்று பரிமேலழகர் பொருள் கூறுவர். யாம் கூறவந்த வட்டோ உருள்வதன்று, பறப்பது. அமெரிக்க நாட்டிலே பிரெட் மாரிசன் என்பார் ஆக்கிய நெகிழி வட்டினை வாமோ என்னும் நிறுவனத்தார் 1957 ஆம் ஆண்டில் விற்கத் தொடங்கினர். அந்நாட்டுக் கனெக்டிகட் மாநிலத்தில் இருந்த பிரிஸ்பி என்னும் அடுமனையின் தகரத் தட்டுக்களை மாணாக்கர் எறிந்து விளையாடுவர். அதுபற்றியே ‘பிரிஸ்பி’ என்னும் பெயர் இவ்வட்டிற்கு வாய்த்தது. 1968 இல் நியூஜெர்சி மாநிலத்து மேப்பிள்வுட் என்னும் ஊரின் கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் இதனைக்கொண்டு ‘அல்டிமேட்’ என்னும் குழுவாட்டத்தை வகுத்தனர். நம் நாட்டிலும் இஃது இன்று வேரூன்றியுளது. சென்னைக் கடற்கரை மணலில் ஆடவரும் மகளிரும் ஒரே குழுவிற் கலந்து இதனை ஆடுகின்றனர். அவருள் ஒரு குழுவினரைப் பற்றிய சிறு ஆவணப்படம் 2015 இல் வெளிவந்தது. ‘175 கிராம்’ என்பது அதன் பெயர். வட்டின் எடையே படத்தின் பெயராயிற்று.

ஆட்டத்தின் இயல்பைச் சுருங்கக் கூறுவாம். களத்தின் நீளம் 100 மீட்டர். அகலம் 37 மீட்டர். இரு முனையிலும் 18 மீட்டர் ஆழமுள்ள எல்லைப்பகுதி ஒவ்வொன்று உண்டு. குழுவொன்றுக்கு எழுவர் ஆடுவர். வட்டினைக் கையிற் கொண்டவர் ஓடலாகாது. ஒரு காலை ஊன்றி நின்று, எதிரி பத்து எண்ணி முடிப்பதற்குள் தம் குழுவினர் ஒருவர்க்கு எறிதல் வேண்டும். வட்டு தரையில் வீழினும், எதிரிகள் இடைமறிப்பினும் அஃது அவர்க்கு உரியதாகும். எதிரியின் எல்லைப்பகுதிக்குள் வட்டினை ஏற்பவர் தம் குழுவுக்கு ஒரு புள்ளி ஈட்டுவர். ஆகவே எத்துணை விரைந்து ஓடவல்லார்க்கும் எறியவும் ஏற்கவும் அறியாதவழி அவ்வோட்டத்தாற் பயனில்லை.

எம் பயிற்சிக்களம் வெண்ணாற்று மணல். மேட்டூர் அணையைச் சனவரி 28 ஆம் நாள் மூடுவதும், சூன் 12 ஆம் நாள் பாசனத்துக்குத் திறப்பதும் நெடுநாளைய வழக்கு. நீர் இருப்பிற்கேற்ப அந்நாட்கள் முன்பின்னாதலும் உண்டு. இடைப்பட்ட வேனிலில் எங்கள் தஞ்சைப் பகுதியின் ஆறுகள் மணலாய்க் கிடக்கும். வீழ்ந்தாலும் நோவாத அம்மணலிலே, மாலை வெயில் தணிந்தபின், ஒரு வட்டும் எண்மர் மாணாக்கருமாகத் தொடங்கினோம்.

முதல் நாள் யாம் கல்லெறிவதுபோலத் தோள்வலி முழுதும் கூட்டி எறிந்தோம். வட்டு மேலெழுந்து, மல்லாந்து, ஒருபுறஞ் சாய்ந்து மணலிற் குத்திற்று. இன்னும் வலிந்து எறிந்தோம்; இன்னும் விரைவிற் குத்திற்று. ஒரு வாரத்தில் எண்மர் ஐவராயினர். எஞ்சிய ஐவரும் அறிந்துகொண்ட முதல் உண்மை யாதெனின், வட்டினைப் பறப்பிப்பது வலிமையன்று, சுழற்சியே என்பதாம்.

காரணம் கூறுவாம். மேற்புறம் சிறிது குவிந்த வட்டு, ஒரு பறவையின் சிறகு போன்றது. முன்னே செல்லுங்கால் அது காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றது. காற்று அதனை மேல்நோக்கித் தாங்குகின்றது. இத்தாங்குவிசை வட்டின் நடுவிடத்தன்றி அதற்குச் சற்று முன்னே மிகுதலின், சுழற்சியில்லாத வட்டு முன்விளிம்பு தூக்கி மல்லாந்துவிடும். சுழலும் வட்டோ, சுழலும் பம்பரம் சாயாது நிற்றல்போலத் தன் நிலை பிறழாது செல்லும். வேகம் குன்றிய பின்னரே அது மெல்ல ஒருபுறஞ் சாயும். நம் முன்னோர் கைக்கு இவ்வுண்மை புதியதன்று. வளரி என்னும் எறிபடையும் சுழன்றே பறப்பது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்த, தந்தத்தாற் செய்யப்பட்ட வளரிகள் பின்னர்ச் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன.

இனி எறியும் முறை. முதலிற் கற்கத்தக்கது புறங்கை எறிதல். பெருவிரல் வட்டின் மேலும், ஏனைய விரல்கள் அடியில் விளிம்பினை உள்ளிருந்து பற்றியும் இருத்தல் வேண்டும். வலக்கையர் தம் வலத்தோள் இலக்கினை நோக்குமாறு பக்கவாட்டில் நின்று, வலக்காலை முன்வைத்து, வட்டினை இடப்பக்கத்து இடுப்பளவிற்குக் கொண்டுசென்று, தரைக்கு மட்டமாகவே முன்னிழுத்து, இறுதியில் மணிக்கட்டினைச் சடக்கென வெட்டி விடுதல் வேண்டும். பந்தியில் விரைந்து அப்பளம் பரிமாறுவாரின் கையை நோக்குக. தோள் அசைவது சிறிது, மணிக்கட்டு அசைவதே பெரிது. இங்ஙனம் எறிந்த வட்டு, மேலிருந்து நோக்கின், கடிகார முள்ளின் திசையிற் சுழலும். வேகம் தணியுங்கால் இடப்புறமாகச் சாயும். எதிரி ஒருபக்கத்தை மறித்து நிற்பின், மறுபக்கத்தால் எறிதற்கு முன்கை எறிதல் வேண்டும். இதில் சுட்டுவிரலும் நடுவிரலும் வட்டின் அடியில் இருக்க, நடுவிரல் விளிம்பின் உட்புறத்தை அழுத்தும், பெருவிரல் மேலிருக்கும், உள்ளங்கை வானை நோக்கும். முழங்கையை இடுப்பின் அருகே வைத்து, மணிக்கட்டினால் மாத்திரம் உதறுக. ஆற்றிற் குளித்தெழுந்தார் ஈரத்துண்டினை உதறும் முறையே இதற்கு உவமை. இவ்வெறிதலில் வட்டு எதிர்த்திசையிற் சுழன்று, முடிவில் வலப்புறஞ் சாயும். இடக்கையர்க்கு இவையெல்லாம் மாறிக் கொள்ளப்படும்.

காற்றினை அறியாதவர் வட்டெறிய அறியார். களத்துமேட்டில் நெல் தூற்றுவார் முறத்தை உயர்த்துமுன் காற்றின் திசையை நோக்குவர். அவரைப் போலவே எறிவாரும் ஒரு பிடி மணலை உதிர்த்து நோக்குதல் நன்று. எதிர்க்காற்றில் வட்டு மேலெழும்பும் இயல்பினது. ஆதலின் முன்விளிம்பினைச் சிறிது தாழ்த்தி, சுழற்சியை மிகுத்து எறிக. பின்காற்று வட்டினைத் தரைக்கு அழுத்தும். அப்பொழுது முன்விளிம்பினைச் சிறிது உயர்த்துக.

அடுத்து ஏற்றல். புதியோர்க்கு உறுதியானது இருகையால் ஏற்றலே. மார்பளவில் வரும் வட்டினை, தாளக்கருவியின் தட்டு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறுபோல, ஒரு கையை மேலும் ஒரு கையைக் கீழுமாக வைத்துக் கூட்டிப் பிடிக்க. தலைக்கு மேல் வருவதைப் பெருவிரல் கீழும் ஏனைய விரல்கள் மேலுமாகவும், இடுப்பிற்குக் கீழ் வருவதைப் பெருவிரல் மேலும் ஏனைய விரல்கள் கீழுமாகவும் விளிம்பிற் பற்றுக. நின்ற இடத்தே வட்டு வருமெனக் காத்திராது அதனை எதிர்சென்று ஏற்க. வட்டு கைக்குள் அடங்குமளவும் கண்ணை எடாதிருத்தல் வேண்டும். யாம் தவறவிட்டவற்றுள் மிகப்பல, பிடிக்குமுன்னே அடுத்து யாருக்கு எறிவோமென்று திரும்பி நோக்கியதால் தவறியவையே.

ஓடுபவர்க்கு எறிதலே இக்கலையின் அருமை. இதனை எமக்குக் கற்பித்தவர் ஒரு வயற்கூலித் தொழிலாளியின் மகனாகிய எம் நண்பர். மட்டையும் காலணியும் வாங்க இயலாமையால் அதுவரை எந்த ஆட்டக்குழுவிலும் அவர் சேர்ந்ததில்லை. யாம் வட்டினை எம்மவர் நின்ற இடத்துக்கே எறிந்து, அது அவர் முதுகுக்குப் பின்னே வீழக்கண்டு வருந்தினோம். அவர் சிரித்து, “நடவில் நாற்றுமுடி வீசுவதைக் கண்டதில்லையா?” என்றார். நடவு நடும் மகளிர் பின்னோக்கியே நகர்வர். ஆகவே முடி வீசுவார் அவர் நிற்கும் இடத்துக்கு வீசார். சிறிது பொழுதில் அவர் வந்து சேரும் இடத்துக்கே வீசுவர். நட்டுக்கொண்டே வருவார் கைநீட்டும் இடத்தில் முடி காத்திருக்கும். சிறுபருவம் தொட்டு அவ்வேலை செய்த கை அவருடையது. அன்று முதல் யாமும் ஓடுபவரை நோக்காது, அவர் சேரும் வெற்றிடத்தை நோக்கி எறியக் கற்றோம்.

அற்றேல், நடுவர் இன்றி ஆடுதல் எங்ஙனம் கூடும் என்பீராயின், கூறுவாம். பிழை செய்தவரும் பிழைக்கப்பட்டவரும் தாமே பேசித் தீர்த்துக்கொள்வது இவ்வாட்டத்தின் விதி. வட்டினை ஏற்றவர் சொல்லே பெரும்பாலும் சான்றாம். இஃது எத்துணை அரிதென்பதை யாம் ஒரு மாலைப்பொழுதில் உணர்ந்தோம். மேல்வகுப்பாரோடு ஆடிய ஆட்டத்தில் இருதிறத்தார்க்கும் எட்டுப் புள்ளிகள். அடுத்த புள்ளி பெறுவார்க்கே வெற்றி. எம் நண்பர் நெடுந்தொலைவினின்று எறிந்தார். அன்றைய எறிதல்களுள் அதுவே தலைசிறந்தது. யாம் எல்லைப்பகுதிக்குள் பாய்ந்து வீழ்ந்து அதனைப் பற்றினோம். எம்மவர் ஆரவாரித்தனர். ஆயினும் எம் விரல்கள் அடியிற் புகுமுன் விளிம்பு தரையைத் தொட்டதை எம் கை அறியும், வேறெவரும் அறியார். எதிர்க்குழுத் தலைவர் அருகே வந்து, “பிடித்துவிட்டீர்களா?” என்று மட்டும் கேட்டார்.

உடனே விடை கூறினோமில்லை. தோல்வியை அஞ்சியதினும், நண்பரின் எறிதல் வீணாமே என்றே மிக அஞ்சினோம். அவர் தொலைவில் இரு கைகளையும் உயர்த்தி நின்றார். பின்னர், “தரை தொட்டது” என்றோம். எதிர்க்குழுவினர் வட்டினை எடுத்து, நான்கே எறிதலில் வென்றனர். நண்பரிடம் சென்று என் சொல்வதென்று அறியாது நின்றோம். அவர் மணலைத் தட்டிக்கொண்டே, “அடுத்த முறை இன்னும் ஒரு முழம் உயர்த்தி எறிகிறேன்” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

அன்பர்களே, இருவர் கூடினாற் போதும், இப்பயிற்சி தொடங்கும். முதல் வாரம் பத்தடி இடைவெளியில் நின்று, நாளொன்றுக்கு ஐம்பது முறை புறங்கையால் மட்டும் எறிக. வட்டு நடுங்காது சென்றபின் இடைவெளியைக் கூட்டுக. இரண்டாம் வாரம் முன்கை எறிதல்; மூன்றாம் வாரம் ஓடுபவர்க்கு எறிதல். தவறின் வருந்தற்க, மணல் மெத்தென்றே இருக்கும். ஆற்றில் நீர் வரும்வரை எம் குழு மாலைதோறும் அங்கே கூடும். ஆட அறியாதவர் என்று எவரையும் திருப்பி அனுப்புவதில்லை. வருக.