நீர்த்தாரையும் எண்டோஸ்கோப்பியும்

வைகை அணையின் மதகில் பாயும் நீர் நுரைத்துக் கலங்கியிருக்கும். ஆனால் கலங்காத மெல்லிய தாரைக்குப் பின்னால் இருட்டில் விளக்கைக் காட்டினால், ஒளி நீரோடு வளைந்து இறங்கும். தாரையின் உள்விளிம்பில் பட்டுப் பட்டுத் திரும்புவதே காரணம். 1841-இல் ஜெனீவாவில் டேனியல் கொலாடோன் இதைச் செய்து காட்டினார்.

நீருக்குப் பதில் தலைமுடியினும் மெல்லிய கண்ணாடி இழையிலும் ஒளி இப்படியே செல்லும். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஹரால்ட் ஹாப்கின்ஸும் லண்டனில் இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்தி, 1954-இல் அறிவித்தனர். 1957-இல் அமெரிக்காவில் மருத்துவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், அத்தகைய இழைக் கற்றை கொண்டு வயிற்றுக்குள் பார்க்கும் வளையும் குழாயை (எண்டோஸ்கோப்பை) முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார்!

இன்றைய குழாயின் நுனியில் சிறு கேமரா உண்டு. உள்ளே ஓடும் வழியில் இடுக்கியை நுழைத்துச் சதைத் துணுக்கு எடுத்துப் புற்றுநோயைச் சோதிக்கலாம். கம்பிச் சுருக்கிட்டுப் பெருங்குடல் கட்டியை அறுக்கலாம். சில ஆரம்பநிலைப் புற்றுகளை வயிற்றைக் கிழிக்காமலே அகற்றலாம்.

வயிற்றுப்புண் என்றால் காரக்குழம்பையும் கவலையையும் பழிப்பது நம் வழக்கம். ஆனால் எண்டோஸ்கோப்பி வழியே எடுத்த துணுக்குகளில்தான் மருத்துவர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும், பல புண்களுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கண்டனர். மார்ஷல் 1984-இல் அதைக் குடித்தார்; அவருடைய இரைப்பை அழன்றதை எண்டோஸ்கோப்பியே காட்டியது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. வயிற்றுப்புண்கள் பலவற்றுக்கு இன்று இரண்டு வார மாத்திரைகள் போதும். விடாத நெஞ்சுக்கரிப்பு, விழுங்கச் சிரமம், கருமலம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.