செம்பரம்பாக்கம்: ஒரு சமன்பாட்டை வாசித்தல்

கணித மாதிரி என்றதும் மிரள வேண்டியதில்லை. வந்த நீரில் போன நீரைக் கழித்தால் ஏரியில் ஏறிய நீர். பூந்தமல்லிக்காரருக்குத் தெரியாத கணக்கா இது? செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 2015 டிசம்பர் 1 அன்று திறந்துவிட்டதோ நொடிக்கு 29,000 கனஅடி. அதே வேகத்தில் ஒருநாள் ஓடினால் ஏரியில் மூன்றில் இரண்டு பங்கு காலி.

மழைக்கு முன்பே எவ்வளவு இடம் காலியாக வைப்பது என்பதில்தான் சிக்கல். அதிகம் வைத்து, மழை பொய்த்தால் கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கணும்; குறைத்து வைத்தால் அடையாற்றங்கரைக் குடிசை போச்சு. இரண்டின் சாத்தியங்களையும் மாதிரி கணக்கிட்டுத் தரும். எந்த இழப்பை யார் தலையில் கட்டுவது என்பது அதற்குள் மனிதர்கள் இடும் எண். 'இயற்கைச் சீற்றம்' என்கிற சொல்லாடல் மறைப்பது அந்த எண்ணைத்தான். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றே எழுதியது.