தும்பும் பேரேடும்: பனைநார் வணிகக் குடும்பங்களின் மரபறிவு

ஆய்வுச்சுருக்கம்

பனை குறித்த தமிழாய்வுகள் ஏறுவோரையும் முடைவோரையும் ஓரளவு பதிவு செய்துள்ளன. அவர்களிடம் சரக்கைப் பெற்றுத் துறைமுகம் வரை கொண்டுசேர்த்த வணிகக் குடும்பங்களோ ‘இடைத்தரகர்’ என்னும் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகின்றன. தென்தமிழகத்துப் பனந்தும்பு வணிகத்தை முன்வைத்து, நார் வணிகக் குடும்பம் ஒன்றின் மரபு எனத் தகுவது எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பனந்தும்பு, நார், மகமை, உறவின்முறை, பேரேடு, தூத்துக்குடி

நார் என்னும் சொல்

தமிழில் ‘நார்’ என்பது மரஞ்செடிகளின் இழையை மட்டும் குறிப்பதன்று. பழைய இலக்கியங்களில் அன்பு என்னும் பொருளிலும் அது வழங்கியுள்ளது. பிணைப்பது என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவாதல் நோக்கத்தக்கது. பூவொடு சேர்ந்த நாரும் மணக்கும், கல்லில் நார் உரித்தல் போன்ற வழக்குகள் இழையின் அன்றாடப் புழக்கத்திலிருந்து பிறந்தவை. முதல் வழக்கின் பொருளை இன்றும் கோயம்பேட்டு மலர்ச் சந்தையை ஒட்டிய பகுதிகளில் காணலாம். உலர்ந்த வாழை மட்டையிலிருந்து கிழித்தெடுத்த நாரை நீரில் நனைத்துப் பூக்கட்டும் வழக்கம், நூலின் வரவுக்குப் பின்னும் முற்றாக மறையவில்லை.

தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. தோடு, மடல், ஓலை, பாளை, ஈர்க்கு முதலிய உறுப்புப் பெயர்களைப் புல்லின் வகைக்கு உரியனவாகச் சொல்கிறது. இதன்படி பனை புல்லினம். பனையின் அடிமரம் புறத்தே இறுகியும் அகத்தே நெகிழ்ந்தும் இருப்பதையும், ஒருவித்திலைத் தாவரங்களில் குழாய்க்கற்றைகள் சிதறிக் கிடப்பதையும் அறிந்த இன்றைய தாவரவியலார்க்கு இப்பகுப்பு வியப்பளிக்காது. தும்பு எனப்படும் விறைப்பான இழை அத்தகைய கற்றைகளே ஆகும்.

தும்பு எடுக்கும் முறை

பனையில் நாரிழை தரும் இடங்கள் பல. பாளையை ஒட்டிய வலைபோன்ற பன்னாடை வடிகட்டப் பயன்பட்டது. நன்னூல் கடைமாணாக்கர்க்கு உவமை கூறும் நெய்யரி இதுவே என உரைகாரர் கொள்வர். மட்டையின் புறத்தோல் கட்டுக்கும் கட்டிலுக்கும் நாராகும். வணிகச் சரக்கான தும்பு, மட்டை மரத்தைத் தழுவியிருக்கும் அகன்ற அடிப்பகுதியிலிருந்து கிடைப்பது. அப்பகுதியை வெட்டியெடுத்து, அடித்துச் சதையை நீக்கி, இரும்புப் பற்கள் கொண்ட சீப்பில் வாரி, உலர்த்தி, நீளத்திற்கேற்பப் பிரித்துக் கட்டுவர். விறைப்பானவை தெருக்கூட்டும் தூரிகைகளுக்கும் தேய்ப்பான்களுக்கும் செல்லும்; மெல்லியவை கயிற்றுக்கு ஆகும். உலகச் சந்தையில் இதற்கு ‘பாசின்’ என்று பெயர். பிரேசிலிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த பியாசவா நார் இதன் போட்டிச் சரக்கு. யாழ்ப்பாணத்தார் துடைப்பத்தைத் தும்புத்தடி என்பதில் இவ்வணிகத்தின் உள்நாட்டு முகம் தெரிகிறது.

பனையின் பயன்களை 801 என எண்ணும் தால விலாசம் என்னும் தமிழ்ச் செய்யுள் நூலை, வில்லியம் பெர்குசன் 1850-இல் கொழும்பில் வெளியிட்ட பனை பற்றிய நூல் ஆங்கில வாசகர்க்கு அறிமுகம் செய்தது. பயன்களை எண்ணும் இம்மரபு பெருமைக்குரியதுதான். எனினும், ஒரு பயன் எப்போது சரக்காகிறது, யாரால் ஆகிறது என்னும் வினாவை அது எழுப்புவதில்லை.

குடும்பமும் உறவின்முறையும்

பனைபடு பொருள்களைக் கொண்டு வணிகத்தில் இறங்கிய நாடார் குடும்பங்களின் வரலாற்றை இராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகக் கூறுகிறது. கருப்பட்டியும் கருவாடும் உப்பும் சுமந்து வடக்கே சென்றோர் விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் பேட்டைகளை அமைத்தனர். சரக்கின்மீது மகமை தண்டினர். அத்தொகையை உறவின்முறை வழியே பொதுச்செயல்களுக்குச் செலவிட்டனர். 1910-இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பதிவு பெற்றது. அதுவே 1962-இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. ஆகவே இப்பகுதியில் ‘குடும்ப வணிகம்’ என்பது ஒரு வீட்டோடு முடிவதன்று. கடன், நம்பிக்கை, மணவுறவு ஆகிய மூன்றும் ஒரே வலையில் இயங்கின.

தும்பு வணிகம் இவ்வலையின் ஒரு கண்ணி. கருப்பட்டி பருவத்துக்குரியது; தும்பு அத்துணைப் பருவக் கட்டுப்பாடு அற்றது. பதனீர்க் காலம் கழிந்தபின் பனைசார்ந்த குடும்பங்களுக்குச் சிறு வருவாயேனும் கிட்டியதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதலாம். ஆனால் முன்பணம் கொடுத்துச் சரக்கை உறுதி செய்யும் முறை உழைப்போரைக் கட்டிப்போடவும் வல்லது. வணிகக் குடும்பத்தின் மரபைப் போற்றும் எழுத்துகள் இவ்விடத்தில் மௌனம் காப்பது முறையன்று. தும்பு வாருதல், தரம்பிரித்தல் ஆகிய பணிகளில் பெண்களின் பங்கும் நிறுவன வரலாறுகளில் பெயரின்றிக் கரைந்துபோவதே வழக்கம்.

கையறிவு

அவ்வாறாயின் தலைமுறை கடந்து கைமாறுவது எது? கட்டடமோ முத்திரையோ அன்று. தரங்காணும் அறிவே என்பது இக்கட்டுரையின் கருத்து. நார் எடைபோட்டு வாங்கப்படும் பொருள். ஈரம் எடையைக் கூட்டும். ஈரத்தோடு கட்டிய பொதி கப்பலின் அடித்தளத்தில் பூசணம் பிடிக்கும். எனவே வாங்குபவர் ஒரு பிடித் தும்பை வளைத்து, விட்டு, நிமிரும் விரைவைப் பார்க்க வேண்டும். நுனியின் முறிவை, நிறத்தை, மணத்தைக் கொண்டு உலர்ச்சியைக் கணிக்க வேண்டும். இவை ஏட்டில் எழுதப்படாமல் தந்தையின் கடையில் நின்று பழகிய பிள்ளைக்கே கிட்டுவன. கைத்தொழிலாளியின் இத்தகைய அறிவைத் தயங்காமல் மரபறிவு என்கிறோம். வணிகனிடம் இருக்கும்போது மட்டும் அது சூழ்ச்சியாகப் பார்க்கப்படுகிறது!

ஆவணத்தின் இழப்பு

1851-இல் சாலமன், யோகான் கியோர்க் ஃபோல்கார்ட் என்னும் சகோதரர்கள் வின்டர்தூரிலும் பம்பாயிலும் ஒருங்கே தொடங்கிய நிறுவனம் பருத்தியோடு கொச்சித் தென்னைநாரையும் ஏற்றுமதி செய்தது. அக்குடும்ப நிறுவனத்தின் ஆவணங்கள் இன்று வின்டர்தூர் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றைக் கொண்டு முழுமையான ஆய்வு நூல்கள் எழுந்துள்ளன. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டித்தொழிலும் கணக்குமுறையும் டேவிட் ரட்னரின் 1994-ஆம் ஆண்டு நூலால் உலகறிந்தவை. சிறுநகர நார் வணிகரின் பேரேடு, குறிப்பேடு, மாதிரிக் கட்டு ஆகியவற்றுக்கு இத்தகைய பேறு வாய்க்கவில்லை. கடை மூடப்படும் நாளில் கணக்கேடுகள் பழைய காகிதமாகவே எடைக்குச் செல்கின்றன.

நெகிழி இழைகள் பரவியபின் தூரிகைச் சந்தையில் இயற்கை நாரின் இடம் சுருங்கியது. ஐக்கிய நாடுகள் அவை 2009-ஐ இயற்கை நார்களின் ஆண்டாக அறிவித்தது. தமிழக அரசு 1978-இல் மாநில மரமாக ஏற்ற பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும் என்னும் அறிவிப்பு 2021-இல் வெளிவந்தது. மரத்தைக் காக்கும் இம்முயற்சிகளில் சொற்கள் இடம்பெறவில்லை. தும்பின் நீளம், விறைப்பு, நிறம் ஆகியவற்றுக்குக் கடைகளில் வழங்கிய தரப்பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபடக் கூடியவை. அகராதிகளோ ‘தும்பு’ என்பதற்கு நார் எனப் பொருள் தந்து நின்றுவிடுகின்றன. அப்பெயர்களைத் திரட்ட வேண்டுமாயின் மாதிரிக் கட்டுகளைக் கையில் கொடுத்து முதிய வணிகரிடமும் தரம்பிரித்த பெண்களிடமும் தனித்தனியே கேட்டல் நன்று. ஒரே கட்டுக்கு இருவரும் தரும் பெயர்கள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.